அலையை உரசி வரும் சி-802: சீனக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், சி-801, சி-802 இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. தூரம் மட்டும் 40 கி.மீ.யிலிருந்து 120-க்கு எப்படி எகிறியது?

பதில்: எஞ்சின்தான் காரணம். 801-ல் இருப்பது திட எரிபொருள் ராக்கெட். எரிபொருள் எரியத் தேவையான ஆக்சிஜனையும் அதுவே சுமக்க வேண்டும். 802-ல் டர்போஜெட் என்ற ஜெட் எஞ்சின்; ஆக்சிஜனை வழியிலேயே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அடிவயிற்றில் காற்று உறிஞ்சும் வாய் தெரிந்தால் அது 802. ஏவும்போது வாலில் உள்ள பூஸ்டர் (ஆரம்ப உந்துதல் தரும் துணை ராக்கெட்) சில விநாடிகள் எரிந்து கழன்றுவிடும், அப்புறம் ஜெட் பார்த்துக்கொள்ளும். எடை 715 கிலோ, அதில் வெடிமுனை 165 கிலோ.

கேள்வி: ஒய்ஜே-83 என்கிற சீன ஏவுகணையும் இதுதானே?

பதில்: இல்லை. பல ஆண்டுகளாக மேற்கத்தியக் கையேடுகளே செய்துவந்த குழப்பம் இது. ஒய்ஜே-83 சீனக் கடற்படையின் சொந்த உபயோகத்துக்கு. அதன் ஏற்றுமதி வடிவம் சி-802ஏ, எட்டும் தூரம் 180 கி.மீ.

கேள்வி: வேகம் மாக் 0.9தான். ஒலியைவிட மெதுவாக வருவதைச் சுட்டு வீழ்த்த முடியாதா?

பதில்: முடியும், முதலில் கண்ணில் பட வேண்டும். பூமி வளைவு மறைக்கிறது. மனக்கணக்குக்கு ஒரு சூத்திரம்: ரேடார் உயரம், இலக்கின் உயரம் (மீட்டரில்) இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் கிடைக்கும். ரேடார் 16 மீட்டரில், ஏவுகணை 20 மீட்டரில் என்றால் சுமார் 35 கி.மீ. விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் அது இரண்டு நிமிடம்கூட இல்லை. 6 மீட்டருக்கு இறங்கி வந்தால் 27 கி.மீ.; ஒன்றரை நிமிடம். அதற்குள் அலையின் எதிரொலியிலிருந்து பிரித்துப் பார்த்து, எதிரிதான் என்று உறுதிசெய்து, சுட வேண்டும். அலை பெரிதாக இருந்தால் ஏவுகணையும் உயர்ந்துதான் பறக்க வேண்டும், இல்லையேல் தண்ணீரில் மூக்கைக் குத்தும்.

கேள்வி: 120 கி.மீ. போய்ச் சேர்வதற்குள் கப்பல் நகர்ந்துவிடாதா அண்ணா?

பதில்: நகரும். பயண நேரம் ஏறக்குறைய 400 விநாடி. 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) வேகக் கப்பல் அதற்குள் 6 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். பெரும்பகுதி வழியை ஏவுகணை தன் உள்கருவிகளை நம்பிப் பறக்கிறது. கடைசியில்தான் மூக்கு ரேடாரைப் போட்டுத் தேடும். முதலில் கொடுத்த இடம் தப்பானால் காலிக் கடலைத்தான் தேடும், அல்லது அகப்பட்ட வேறு கப்பலைப் பிடித்துக்கொள்ளும். அட்டவணையில் உள்ள தூரத்தைவிட இலக்கைக் காட்டிக்கொடுக்கும் கண்தான் முக்கியம் என்பேன்.

கேள்வி: நிஜப் போரில் அப்படி நடந்திருக்கிறதா?

பதில்: 2006 ஜூலை 14, பெய்ரூத் கடல். ஹிஸ்புல்லா ஏவிய ஒன்று ஐஎன்எஸ் ஹனிட்டின் பின்பகுதியைத் தாக்கியது. (ஐஎன்எஸ் என்றதும் நம் கப்பல் என்று பதற வேண்டாம், அது இஸ்ரேலுடையது.) 4 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலில் பராக் தற்காப்பு ஏவுகணை இருந்தும் அமைப்பு இயக்கத்தில் இல்லை. ஏவிய இன்னொரு ஏவுகணை, சம்பந்தமே இல்லாத கம்போடியக் கொடி வணிகக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது.

கேள்வி: அப்படியானால் ஒய்ஜே-18 என்கிற சீன ஏவுகணை?

பதில்: அது வேறு ரகம். நெடுந்தூரம் சிக்கனமாக, ஒலியைவிட மெதுவாக வந்து, இறுதி ஓட்டத்தில் மட்டும் ஒலியை மிஞ்சும். மேலே போட்ட ஒன்றரை நிமிடக் கணக்கு அதனிடம் இன்னும் சுருங்கிவிடும்.