கேள்வி–பதில்: திறமூலத் திட்டத்தின் இணையதளத்துக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் ஓய்வு நேரத்தில் ஒரு திறமூல மென்பொருளை உருவாக்கி வருகிறோம். அறிமுகம், தரவிறக்கம், பயனர் கையேடு, அறிவிப்புகள் ஆகியவற்றுடன் மூன்று மொழிகளில் இணையதளம் வேண்டும். ஒருவர் வேர்ட்பிரஸ் என்கிறார். இன்னொருவர் ட்ரூபல் என்கிறார். மற்றொருவரோ இவை போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பே (பக்கங்களை உலாவி வழியாக எழுதி வெளியிட உதவும் மென்பொருள்) தேவையில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கடைசியாகப் பேசியவர் சொல்வதே உங்கள் குழுவுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். வசதிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், மூன்றாண்டுகள் கழித்து அந்தத் தளத்தைப் பராமரிக்கப்போவது யார் என்று கேட்டுப் பாருங்கள். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா மூன்றும் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டு, தரவுத்தளத்தைச் சார்ந்து சேவையகத்தில் எந்நேரமும் இயங்குபவை. ஆகவே அவற்றில் பாதுகாப்பு ஓட்டை தெரியவரும் நாளில் அதை உடனே அடைக்க ஆள் வேண்டும். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் கடுமையான எஸ்.க்யூ.எல். ஊடுருவல் பிழை (வெளியாள் தன் கட்டளைகளைத் தரவுத்தளத்துக்குள் நுழைக்க இடம்தரும் ஓட்டை) அறிவிக்கப்பட்டது. அடுத்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் செய்யப்படாத தளங்கள் எல்லாம் தாக்கப்பட்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழுவே இரண்டு வாரம் கழித்து எச்சரித்தது. இதை ட்ரூபலின் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு வெளிப்படையாகப் பேசும் குழு அமைவது அரிது. ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் உங்கள் எழுவரில் யார் கணினி முன் இருப்பார்?

ஹியூகோ, ஜெகில் போன்ற நிலைத்தள உருவாக்கிகள், நீங்கள் மார்க்டவுனில் (எளிய குறிகளுடன் கூடிய வெற்று உரை வடிவம்) எழுதும் கோப்புகளை முன்கூட்டியே, உலாவி அப்படியே காட்டும் எச்.டி.எம்.எல். பக்கங்களாக மாற்றிவிடுவதால், சேவையகத்தில் தாக்குவதற்குத் தரவுத்தளமோ நுழைவுப் பக்கமோ இருப்பதில்லை. அதைவிடப் பெரிய நன்மை, நிரல் இருக்கும் கிட் (மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் கருவி) களஞ்சியத்திலேயே கையேடும் இருப்பது: ஒரு வசதியைச் சேர்ப்பவர் அதே மாற்றத்தில் அதற்கான விளக்கத்தையும் சேர்க்கலாம், பிழையைக் கண்ட பயனர் தாமே திருத்தி அனுப்பலாம். சேவையகச் செயலிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் ஆகியவற்றின் தளங்கள் ஹியூகோவில் உருவானவை. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் சேவை, பொதுக் களஞ்சியங்களுக்குக் கட்டணமின்றி ஜெகில் தளங்களைத் தானே உருவாக்கி வெளியிடுகிறது.

மொழிகளைப் பொறுத்தவரை, 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் ட்ரூபலின் மையத்திலேயே பன்மொழி வசதி சிறப்பாக அமைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸில் ஒரே தளத்தைப் பல மொழிகளில் நடத்தச் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) தேவை. ஹியூகோவிலும் பன்மொழி வசதி உள்ளமைந்ததே. ஆயினும் மூலப் பக்கம் மாறியபின் பழையதாகிப்போன மொழிபெயர்ப்பை அது சுட்டிக்காட்டாது. கிட் வரலாற்றைப் பார்த்து நீங்களே கண்காணிக்க வேண்டும்.

அறிவிப்புகளை எழுதப்போகிறவர்கள் கிட் பழகாதவர்கள் என்றால் என் பதில் மாறும். அப்போது வேர்ட்பிரஸையே வையுங்கள். ஆனால் செருகுநிரல்களைக் குறைத்து, தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி, கையேட்டை மட்டுமாவது களஞ்சியத்தில் விட்டுவையுங்கள்.

கேள்வி: தளத்தை இயக்கும் மென்பொருளும் திறமூலமாகவே இருக்க வேண்டுமா?

பதில்: இருப்பது நல்லது, மேலே சொன்ன மென்பொருள்கள் அனைத்துமே திறமூல உரிமங்களில் வருபவைதாம். ஆனால் உரிமம் மட்டும் போதாது. 2011-இல் வெளியான ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதில் தங்கிவிட்ட தளங்கள் தம் உள்ளடக்கத்தைப் புதிய அமைப்புக்குப் பெயர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தது. மார்க்டவுன் கோப்புகளோ, நிலைத்தள உருவாக்கி மென்பொருளே மறைந்துபோனாலும் வெறும் உரையாகப் படிக்கக் கிடைக்கும். இன்னொன்று: தளப்பெயரை ஒருவரின் சொந்தக் கணக்கில் மட்டும் பதிவு செய்துவிடாதீர்கள். அவர் குழுவிலிருந்து விலகி, புதுப்பிக்கும் நாளும் கடந்துவிட்டால், எந்த மென்பொருளில் தளத்தைக் கட்டியிருந்தாலும் முகவரி கைவிட்டுப் போய்விடும்.