கிரட்ஜ், ரிசென்ட்மென்ட், ஸ்பைட்: எதை எங்கே எழுதுவது?

ரிசென்ட்மென்ட், கிரட்ஜ், ஸ்பைட், ரேங்கர் என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அகராதியில் 'மனக்கசப்பு, வெறுப்பு' என்றே போட்டிருக்கிறது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அர்த்தத்தை விடுங்கள், கூட எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கிரட்ஜ் என்றால் ஒரு ஆள் வேண்டும், பெரும்பாலும் ஒரு பழைய சம்பவமும் வேண்டும். 'ஹோல்ட் எ கிரட்ஜ் அகெய்ன்ஸ்ட்' என்றே பெரும்பாலும் வரும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று பெரியப்பா இன்னும் கறுவிக்கொண்டிருக்கிறாரே, அதேதான்.

ரிசென்ட்மென்ட்டுக்கு ஆள் கட்டாயமில்லை. சம்பள முறையின் மேல், வீட்டில் எப்போதும் நாமே பாத்திரம் கழுவுகிறோம் என்ற ஏற்பாட்டின் மேல்கூட வரலாம், ஆனால் 'எனக்கு அநியாயம் நடக்கிறது' என்ற நினைப்பு உள்ளே இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் வெறும் எரிச்சல். வினைச்சொல்லாக எழுதும்போதுதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்: 'ஐ ரிசென்ட் பீயிங் டோல்ட்' சரி, 'ஐ ரிசென்ட் டு பி டோல்ட்' தப்பு. ஒருவர் முகத்துக்கு நேரே 'ஐ ரிசென்ட் தட்' என்றால், இப்போது நீ சொன்னது என்னை அவமதிக்கிறது என்று அர்த்தம், பழைய கசப்பு எதுவும் தேவையில்லை.

ஸ்பைட் மனசுக்குள் சும்மா இருக்காது, ஏதாவது செய்துவிடும், அதுவும் சின்னத்தனமாக. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போகக்கூடாது என்றே கட்டிய வீடுகளுக்கு அமெரிக்காவில் 'ஸ்பைட் ஹவுஸ்' என்றே பெயர் உண்டு! மேலிஸ், அதாவது வன்மம், இதைவிடக் கனமானது, ஆங்கில, அமெரிக்கக் கொலை வழக்குச் சட்டத்திலேயே 'மேலிஸ் அஃபோர்தாட்' (முன்கூட்டியே கொண்ட கெட்ட நோக்கம்) என்று வரும். 1865-இல் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் லிங்கன் தன் பதவியேற்பு உரையில் 'வித் மேலிஸ் டுவர்ட் நன்', யார் மேலும் வன்மம் இல்லாமல், என்றார். அந்த இடத்தில் ஸ்பைட் போட்டிருந்தால் உரை குட்டையாகிப் போயிருக்கும்.

ரேங்கர் நம்முடைய காழ்ப்பு. கெட்டுப்போன எண்ணெயைச் சொல்லும் ரேன்சிட்டும் இதுவும் ஒரே லத்தீன் வேரில் வந்தவை. விவாகரத்து, கட்சிச் சண்டை போன்ற இடங்களில், அடிக்கடி 'வித்தவுட் ரேங்கர்' என்று எதிர்மறையில் பார்க்கலாம்.

அப்புறம் பீக் (pique), அம்ப்ரேஜ். இரண்டும் மனத்தாங்கல் வகை. பீக் சட்டென்று வந்து போகும். அம்ப்ரேஜ் 'டேக்' இல்லாமல் அநேகமாக வராது, கொஞ்சம் பந்தாவான சொல் வேறு, நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில் போட்டால் கிண்டல் செய்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.