ஆர்சி (ரேடியோவில் இயக்கும்) விமானம் பழகக் கிளப் மைதானத்துக்குத்தான் போக வேண்டுமா, தனியாகவே பழகிவிடலாமா?

"ஃபோமில் செய்த டிரெய்னர் (பழகுவதற்கான விமானம்) வாங்கிவிட்டேன், சிமுலேட்டரில் ஓரளவு பழகியும்விட்டேன், பக்கத்திலேயே காலி மைதானம் இருக்கிறது. பிறகு எதற்குக் கிளப், சந்தா, விதிமுறை எல்லாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடங்களாகக் கிளப் மைதானத்தில் ஓட்டுகிறவன், புதியவர்களுக்குப் பழக்கியும் விடுகிறவன். அதனால் என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்: விமானத்தை மேலே ஏற்றக் கிளப் தேவையே இல்லை. கீழே இறக்கத்தான் தேவை.

ஏற்றுவதில் ஒன்றும் பெரிய வித்தையில்லை. டிரெய்னரின் இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று ஒரு பக்கம் தட்டிவிட்டாலும் அதுவாகவே நிமிரப் பார்க்கும். காற்றை எதிர்த்து நின்று, த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்கை, முழுதாகத் தள்ளி, கையிலிருந்து நேராக விட்டால் போதும், ஏறிவிடும். இப்போது வரும் பல மாடல்களில், விமானம் ஆடினால் தானே திருத்தும் கைரோவும் சேர்ந்தே வருகிறது. "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும். அரை நிமிடம் அப்படித் தோன்றும்.

அதற்குள் விமானம் 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்தத் தூரத்தில் நிறமெல்லாம் தெரியாது. வானத்தில் கறுப்பாக ஒரு சிலுவை, அவ்வளவுதான். நம்மை நோக்கி வருகிறதா, நம்மை விட்டுப் போகிறதா என்பதே புரியாது. திருப்பிக் கொண்டுவந்துவிட்டாலோ அடுத்த சிக்கல்: மூக்கு நம் பக்கம் இருக்கும்போது அதன் வலது நம் இடது. மூளைக்கு இது தெரியும், விரலுக்குத் தெரியாது. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமாகவே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். இன்னொரு வழி, உடம்பை விமானம் போகும் திசைக்குத் திருப்பிக்கொண்டு தோளுக்கு மேலாகப் பார்ப்பது. கொஞ்ச நாளில் இரண்டுமே தேவைப்படாமல் போகும்.

சரி, இதெல்லாம் சிமுலேட்டரிலேயே வந்துவிடுமே என்பீர்கள். வரும், மறுக்கவில்லை. சிமுலேட்டரில் பழகாமல் மைதானத்துக்கு வருகிறவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் திரையில் எதிர்வெயில் கண்ணைக் கூசாது, மரத்துக்குப் பின்னாலிருந்து வரும் சுழல்காற்று பெரும்பாலும் இருக்காது. ஏதாவது ஆனால் பட்டனை அழுத்தினால் புது விமானம் வந்துவிடும். முக்கியமாக, இறங்கும்போது விமானம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணிப்பு திரையைப் பார்த்து வராது.

இறக்குவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசி விமானங்கள் உடைவது அந்தக் கடைசி இருபது முப்பது விநாடிகளில்தான். முதலில் ரன்வேக்கு இணையாகக் காற்றோடு போவோம். பிறகு இரண்டு திருப்பம் திரும்பி, காற்றை எதிர்த்து இறங்குவோம். காற்றோடு போகும்போதுதான் கண் ஏமாறும். உங்கள் விமானம் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காமல் விட்டுவிடும் வேகம், மணிக்கு 25 கிலோமீட்டர், காற்று 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போகும்போது தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதுபோலத் தெரியும். "ஐயோ, வேகமாகப் போகிறதே" என்று த்ராட்டிலைக் குறைப்பார். ஆனால் இறக்கைக்குத் தரை தெரியாது, அதன் மேல் ஓடும் காற்று மட்டும்தான் தெரியும். அந்தக் காற்றைப் பொறுத்தவரை விமானம் ஏற்கெனவே ஸ்டாலின் விளிம்பில் இருக்கிறது.

அந்த நிலையில் திருப்பத்துக்கு வருவார். ரன்வேயைத் தாண்டிப் போய்விடுமோ என்று இன்னும் கொஞ்சம் சாய்ப்பார், மூக்கு இறங்குகிறதே என்று எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) இழுப்பார். உயரம் விடாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை சுமக்கும் பளு இரண்டு மடங்காகிறது, ஸ்டால் வேகம் 25லிருந்து 35க்கு ஏறிவிடுகிறது. அவ்வளவு வேகம் கையில் இல்லை. ஒரு இறக்கை திடீரென்று மடங்கியதுபோல விழும், விமானம் ஒரு சுற்றுச் சுற்றி மூக்கு குத்தும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் "சிக்னல் போயிருக்கும்" என்பார்கள். பெரும்பாலும் சிக்னல் எங்கேயும் போயிருக்காது.

பக்கத்தில் ஆள் வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடத்துக்காகத்தான். கிளப்பில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை (கையில் பிடித்து விமானத்தை ஓட்டும் கருவிகளை) ஒரு வயரால், இப்போதெல்லாம் வயர் இல்லாமலும், இணைத்துவிடுவோம். பழக்குகிறவர் கையில் ஒரு சுவிட்ச். அதை இழுத்துப் பிடித்திருக்கும்வரை விமானம் பழகுகிறவர் கையில். விரலை எடுத்த நொடியில் பழக்குகிறவர் கைக்கு வந்துவிடும். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நல்ல ஆள் அந்த விரலை எப்போது எடுக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். சீக்கிரம் எடுத்தால் எதிரில் நிற்பவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். தாமதமானால் ஃபோமைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் ஒரு தவறு செய்து, அதைத் திருத்தப்போய் இன்னொன்றும் செய்து, அதற்கப்புறமும் மீள இடமிருக்கிற உயரத்தில் பழக்குகிறோம். இறங்கும்போது அந்த உயரம் இருக்காது. அங்கே அவர் வாய்தான் வேலை செய்யும்: "விடுங்க, இழுக்காதீங்க. த்ராட்டில் ரெண்டு கிளிக் ஏத்துங்க. இப்ப மூக்கைக் கொஞ்சம் கீழ விடுங்க. சரி, சரியில்ல, மேல போயிடுங்க, இன்னொரு ரவுண்டு வரலாம்."

இந்த "இன்னொரு ரவுண்டு" என்பதைத் தனியாகப் பழகுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. தப்பாக வந்துவிட்டாலும் எப்படியாவது இறக்கியே தீர வேண்டும் என்று முட்டுகிறார்கள். இன்னொரு ரவுண்டுக்கு பேட்டரியில் மிச்சம் இருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். லைப்போவில், அதாவது இந்த விமானங்களில் போடும் லித்தியம் பேட்டரியில், ஒரு செல் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட். 3.5க்குக் கீழே இழுத்தால் அதன் ஆயுள் குறையும். பேட்டரி ரொம்பத் தாழ்ந்தால் வேகக் கட்டுப்படுத்தி மோட்டாரை மட்டும் நிறுத்தும், இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சர்வோக்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்கப்புறம் உங்கள் கையில் இருப்பது கிளைடர், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. டிரான்ஸ்மிட்டரில் டைமர் வைத்து, மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே இறங்க ஆரம்பியுங்கள்.

மோட்டார் நின்றுவிட்டால் கிளப்பில் "டெட் ஸ்டிக்!" என்று கத்துவோம். மற்றவர்கள் உடனே வழிவிட்டு மேலே ஏறிக்கொள்வார்கள், ரன்வே முழுக்க அவருக்கு. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பது இந்தச் சத்தம் கேட்பதற்காகத்தான். எல்லா விமானமும் பாதுகாப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், வண்டிகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் இந்தப் பக்கம். கோட்டைத் தாண்டி நம் தலைக்கு மேல் யாரும் பறக்கவிடக் கூடாது. இரண்டு கிலோ எடை மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்தக் கோடு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் காலி மைதானத்தில் அந்தக் கோட்டை யார் போடுவது? கிரிக்கெட் ஆட வருகிற பையன்கள் நீங்கள் இறங்குவதைப் பார்த்தால் ஓடிவந்து ரன்வேயில்தான் நிற்பார்கள்.

ஒரு நாள் புதிதாக ஒருவர் விமானம் கொண்டுவந்தார். சுத்தமான வேலை, வயரெல்லாம் அழகாகக் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி. எங்கள் மூத்தவர் ஒருவர் வாலைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பின்னால வந்து நில்லுங்க. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்க" என்றார். வலது இறக்கையில் இருந்த ஐலரான் (பின்விளிம்பில் அசையும் பலகை) கீழே இறங்கியது. மேலே ஏறியிருக்க வேண்டும். "இன்னொரு வாட்டி தள்ளுங்க." மறுபடியும் கீழே. அந்தத் தம்பிக்கு அப்போதும் பிடிபடவில்லை, ஏதோ அசைகிறதே என்று திருப்தியாக இருந்தார். அப்படியே விட்டிருந்தால் கையிலிருந்து கிளம்பி இரண்டாவது விநாடியில் தலைகுப்புற விழுந்திருக்கும். டிரான்ஸ்மிட்டர் மெனுவில் அந்தச் சானலை எதிர்த்திசைக்கு மாற்றினால் முடிந்தது. சின்ன வேலைதான், ஆனால் கட்டியவர் கண்ணுக்கு மட்டும் அது தெரியவே தெரியாது.

இதே போல ஈர்ப்பு மையத்தையும் பார்ப்போம். டிரெய்னரில் பொதுவாக இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்கும். பேட்டரி இரண்டு சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தாலே வால் கனத்து, எலிவேட்டர் தொட்டால் துள்ளும். டிரான்ஸ்மிட்டரின் பவரைக் குறைத்து வைத்து முப்பது அடி எடுத்துவைத்து நடந்து, அங்கிருந்தும் எல்லாம் அசைகிறதா என்று பார்ப்போம். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்றும் சோதிப்போம். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, சரியாக வைக்கப்படவில்லை என்று அர்த்தம்.

முன்பு கிளப்புக்குப் போக இன்னொரு கட்டாயமும் இருந்தது. 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரே சானலில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் பறந்துகொண்டிருப்பது விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். உங்கள் சானலுக்கான கிளிப் உங்களிடம் இருந்தால்தான் சுவிட்சைத் தொடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் அந்தத் தொல்லை போய்விட்டது, ஒவ்வொரு ரிசீவரும் தன்னோடு இணைத்த டிரான்ஸ்மிட்டர் சொல்வதை மட்டும் கேட்கும். "இனி கிளப் எதற்கு" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. ரேடியோ மாறியது, இறங்கும் திருப்பம் மாறவில்லை.

2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்பவரின் குழு, ஐந்து கிலோவுக்கும் குறைவான ஒரு மாடல் விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துவரை அனுப்பியது. சுமார் 3,000 கிலோமீட்டர், ஏறக்குறைய 39 மணி நேரம். அப்போது ஹில்லுக்குப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. கடலுக்கு மேலே தானியங்கியும் ஜிபிஎஸ்ஸும் பார்த்துக்கொண்டன. அயர்லாந்தில் தரையிறக்க மட்டும் ஆள் போய்க் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் மைதானத்தில் டிரான்ஸ்மிட்டரை வைத்துவிட்டு அரட்டை அடிக்கும்போது அடிக்கடி வருகிற கதை இது.

கிளப்பில் எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். கேட்காத அறிவுரை நிறைய வரும். ஒரு கேள்விக்கு நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள், நாலு பேரும் அடித்துச் சொல்வார்கள். மெத்தனால் எஞ்சின் காலத்து ஆட்கள் ஃபோமைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், யார் விமானம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், சத்தமில்லாமல் இறங்குகிறதோ அவரைக் கேளுங்கள். தலைகீழாக வட்டமடிக்கிறவரைக் கேட்க வேண்டாம்.

தனியாக ஓட்டவே கூடாது என்றும் இல்லை. கிளைடரோ, 250 கிராமுக்குள் இருக்கும் குட்டி ஃபோம் விமானமோ, காற்றில்லாத விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தாராளமாகப் பறக்கவிடலாம். பதிவு, உயரக் கட்டுப்பாடு, தடை செய்யப்பட்ட பகுதி என்று நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு தடவை நன்றாக இறக்கிய பிறகு உங்கள் மைதானத்துக்குப் போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒருமுறை கிளப்புக்கு வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். அங்கே எந்த மோடில் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். மோடு 2ல் த்ராட்டில் இடது கையில், மோடு 1ல் வலது கையில். மைதானம் முழுக்க ஒரு மோடு, நீங்கள் மட்டும் இன்னொன்று என்றால் அவசரத்தில் உங்கள் டிரான்ஸ்மிட்டரை வாங்கி ஓட்ட ஆள் கிடைக்காது. யார் பழக்குகிறார், எந்தப் பிராண்ட் டிரான்ஸ்மிட்டரோடு இணைக்க முடியும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது அதோடு சேராது என்றால் கவலைப்பட வேண்டாம், பல கிளப்களில் பழகுவதற்கென்றே ஒரு விமானம் வைத்திருப்பார்கள். அதில் ஒட்டுப்போட்ட இடம்தான் அதிகம் இருக்கும், ஆனால் நன்றாகப் பறக்கும்.