மீனாவில் ஐந்தாவது எழுத்து எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவின் கடன் கணக்கை நான்தான் எக்செலில் எழுதுகிறேன். புதிய உறுப்பினர் பட்டியலை ஓர் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். 'மீனா' என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பட்டியலில் பெயரைத் தேடித்தரும் விலுக்அப் சூத்திரம் போட்டால் அப்படி ஒருவர் இல்லை என்கிறது. கூடுதல் இடைவெளியை நீக்கும் டிரிம் போட்டும் சரியாகவில்லை. 60 பெயரையும் மறுபடி தட்டவேண்டுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம்மா. பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில், எழுத்துகளை எண்ணிச் சொல்லும் லென் சூத்திரம் போட்டுப் பாருங்கள். ம, ஈகாரக் குறி, ன, துணைக்கால் என்று கணினிக்கு 'மீனா' 4 எழுத்து. 5 என்று காட்டினால் ஆள் அங்கேதான் இருக்கிறார். ரைட் சூத்திரத்தால் கடைசி எழுத்தைப் பிரித்து, யூனிகோட் சூத்திரத்துக்குள் கொடுங்கள். கணினி அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் எண் வந்துவிடும்.

160 என்றால், இரண்டு சொற்கள் வரி மாறிப் பிரியாமல் பிடித்து வைக்கிற இடைவெளி. இணையப் பக்கங்களில் இது நிறைய. டிரிம் நீக்குவது நாம் தட்டுகிற சாதாரண இடைவெளியான 32ஆம் எண்ணை மட்டும்தான், அதனால்தான் உங்களுக்குப் பலிக்கவில்லை. 8203 என்றால் அகலமே இல்லாத இடைவெளி. ஒரு எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தில், பழைய எழுத்துக்கு யூனிசாரும் (எண்ணை எழுத்தாக்கும் சூத்திரம்) அந்த எண்ணும், புதிய எழுத்துக்கு வெறும் இரட்டை மேற்கோள் குறிகளும் கொடுத்தால் போய்விடும். யூனிகோடும் யூனிசாரும் 2013க்கு முந்தைய எக்செலில் கிடையாது. நோட்பேடில் ஒட்டி எடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் எழுத்துருவும் நிறமும் போகும், இவை போகாது.

ஆனால் தெரியாத எழுத்தையெல்லாம் ஒரேயடியாகத் துடைத்துவிடாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் என் டிடிபி கடையில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். எம்.சி. ரோட்டுக்குக் கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் பத்திரிகைக்கும் அங்கேயே சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு மணப்பெண்ணின் பெயர் அக்‌ஷயா. புள்ளி வைத்த க், பக்கத்தில் தனியாக ஷ. அந்த இரண்டும் ஒட்டாமல் நடுவில் நிற்பது 8204 என்கிற எழுத்து. அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன், பெயர் 'அக்ஷயா' ஆகிவிட்டது. 300 பத்திரிகை அச்சான பிறகு பெண்ணின் அப்பா கையில் வாங்கிப் பார்த்து, "சர்டிபிகேட்ல இப்படி இல்லையே சார்" என்றார், அவ்வளவுதான். அன்று இரவே என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். ஒரு பெண்ணின் பெயரை அவள் வீட்டார் எழுதுகிறபடிதான் எழுதவேண்டும்.

அதனால் உங்கள் பட்டியலில் 'க்‌ஷ' வருகிற பெயர்களை மட்டும் சூத்திரத்தில் விடாமல் கண்ணால் பாருங்கள். பாஸ்புக்கில் எப்படியோ அப்படியே இரண்டு பட்டியலிலும் இருக்கட்டும்.

அப்புறம், 'பொன்னி' போன்ற பெயர்கள். 6 எழுத்துக்குப் பதிலாக 7 என்று வந்து, மறைந்த எழுத்து எதுவும் சிக்கவில்லை என்றால், யாரோ ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அந்தப் பெயரை மட்டும் மறுபடி தட்டிவிடுங்கள்.