ஆட்டுக் கணக்கு

கேள்வி: ஆட்டின் ஈரலைப் பார்த்துப் போருக்குப் போனவர்கள்தானே பண்டைய கிரேக்கர்கள்? சந்திர கிரகணத்துக்குப் பயந்து ஏதென்ஸ் தளபதி நிகியாஸ், சிசிலித் தீவின் சிராக்யூஸில் தன் படையையே அழியவிட்டாரே!

பதில்: மூடநம்பிக்கை என்று பேச்செடுத்தால் உடனே நிகியாஸை இழுத்து வந்துவிடுகிறீர்கள். கி.மு. 413 ஆகஸ்ட் 27 இரவு கிரகணம் பிடித்தபோது, புறப்பட வேண்டாம் என்று சொன்னவர்களில் பெரும்பாலான வீரர்களும் உண்டு. குறி சொல்பவருக்குத் தளபதி கட்டுப்பட வேண்டியதில்லை, குறி சொல்பவர்தான் தளபதிக்குக் கீழ் என்பது ஏதென்ஸின் சட்டம். அந்த அதிகாரம் கையில் இருந்தும் மூவொன்பது (27) நாள் அசையமாட்டேன் என்றாரே, அதுதான் குற்றம்.

நீங்கள் சொன்ன ஆட்டுக்கு வருவோம். எல்லா ஆட்டுக்கும் ஈரல் பார்ப்பதில்லை. போருக்குக் கிளம்பும் ஸ்பார்ட்டா மன்னர் ஊரிலேயே தலைமைக் கடவுள் ஸீயஸுக்குப் பலி கொடுப்பார். அந்தப் பீடத்து நெருப்பை எல்லைவரை சுமந்து போவார்கள். அங்கே ஸீயஸுக்கும் போர்த் தெய்வம் அதீனாவுக்கும் மறுபடி பலி. குறி சரியில்லையா, படை திரும்பிவிடும். கி.மு. 419இல் மன்னர் ஏகிஸ் அப்படித்தான் திரும்பினார். ஈரலின் மடல் இல்லாமற்போனால் பெரிய அபசகுனம். எதிரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸுக்கு வெள்ளாட்டின் கழுத்தை அறுப்பது வேறு சடங்கு. ஈரலை ஆராய அங்கே நேரம் ஏது? கி.மு. 479இல் பிளாட்டியாவில் பாரசீக அம்புகள் விழ விழ, குறி கூடிவரும்வரை ஸ்பார்ட்டா தளபதி பவுசானியாஸ் பலி கொடுத்துக்கொண்டே இருந்தார். அணி கலையாமல் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கி.மு. 490இல் பாரசீகரோடு நடந்த மராத்தான் போரில் ஏதென்ஸ்காரர்கள் வைத்த நேர்த்திக்கடனையும் பாருங்கள். கொன்ற எதிரி ஒருவனுக்கு ஓர் ஆடு என்று ஆர்டெமிஸுக்கு வேண்டிக்கொண்டார்கள். செத்த எதிரிகள் 6,400 பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அத்தனை ஆடு கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 500 என்று தவணை போட்டார்கள். 13 ஆண்டில் கடன் தீர்ந்திருக்கும். ஆனால் ஏறத்தாழ 90 ஆண்டு கழித்தும் கொடுத்துக்கொண்டிருந்ததாக எழுத்தாளர் செனோபன் சொல்கிறார்.

கிரேக்கச் சமயத்தைப் புரிந்துகொள்ளக் கோயில் கணக்கைப் படியுங்கள் என்று ஓயாமல் சொல்லி வருகிறேன். ஸ்பார்ட்டாவோடு நடந்த போருக்கு ஏதென்ஸ் அதீனாவிடம் கடன் வாங்கி, நாள் கணக்கில் வட்டி எழுதியது. கி.மு. 426 முதல் வட்டி, ஒரு டாலன்டுக்கு ஐந்து நாளைக்கு ஒரு டிராக்மா. டிராக்மா என்பது வெள்ளி நாணயம், ஒரு டாலன்ட் என்பது 6,000 டிராக்மா, ஆண்டுக்குச் சுமார் 1.2 சதவீதம்தான் வரும். அதீனா சிலையின் 40 டாலன்ட் எடையுள்ள தங்கத் தகட்டைக்கூடக் கழற்றலாம், திருப்பி வைத்துவிட வேண்டும் என்றார் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ். கி.மு. 406 வாக்கில் தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கி நாணயம் அடித்தார்கள்.