மூடியைப் பார்த்தது போதும், திறந்து பாருங்கள்

கேள்வி: பழைய பவுடர் டப்பாக்களும் ஒப்பனைப் பெட்டிகளும் சேகரிக்கிறேன். 1920களைச் சேர்ந்த ஒரு தங்க வேனிட்டி கேஸ் விலைக்கு வந்திருக்கிறது. பாரிஸ் வேலை, 18 காரட். மூடியில் கறுப்பு எனாமல், ஓரத்தில் கெம்பும் வைரமும். 'கார்டியே செய்ததாகக் கருதப்படுவது' என்று, பாரிஸின் புகழ்பெற்ற நகை நிறுவனத்தின் பெயரைப் போட்டு, விற்பவர் எழுதியிருக்கிறார். எடைக்குத் தங்கத்தின் விலையைக் கணக்குப் போட்டால், கேட்கும் தொகை பல மடங்கு அதிகம். வாங்கலாமா? படங்கள் இணைத்துள்ளேன். (ஒரு வாசகி)

பதில்: இப்போதைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களிலும் பெட்டி மூடிய நிலையிலேயே இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

முதலில் எடைக் கணக்கை விட்டுவிடுங்கள். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். விற்பவர் சொன்ன எடையில் உள்ளே இருக்கும் கண்ணாடி, கற்கள், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்திருக்கும். அதைவிட முக்கியம், இந்தப் பெட்டிகளின் மதிப்பு வேலைப்பாட்டில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு, நாலு பேர் முன்னிலையில் பெண்கள் பவுடர் பூசிக்கொள்வது சகஜமானபோது பிறந்தவை இவை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் பவுடருக்கு ஓர் அறை, ரூஜ் என்கிற கன்னச் சாயத்துக்கு ஓர் அறை, லிப்ஸ்டிக் குழாய், கண்ணாடி, சிலவற்றில் சீப்புகூட. அத்தனையும் ஒன்றோடொன்று இடிக்காமல் மூடவேண்டும். 1933இல் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் என்ற பாரிஸ் நகை நிறுவனம் 'மினோடியேர்' என்று கொஞ்சம் பெரிதாகச் செய்ததும் இதே யோசனையின் வளர்ச்சிதான்.

அதனால் திறந்த நிலையில் படம் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது கீலை. நல்ல பாரிஸ் வேலையில் கீல் எங்கே இருக்கிறது என்றே வெளியிலிருந்து தெரியாது. மயிரிழை போல ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோட்டை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், யாரோ ஈயப் பற்று வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நானே ஒரு முறை மூடியின் அழகில் மயங்கி அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் திறந்தபோதுதான் அந்தச் சாம்பல் திட்டு கண்ணில் பட்டது. லிப்ஸ்டிக் குழாயும் வேறு ஏதோ பெட்டியிலிருந்து வந்தது. அறைக்குள் கலகலவென்று ஆடியது. இன்றும் அதைக் கையில் எடுத்தால் மனசு சுருங்குகிறது.

அடுத்தது முத்திரை. பிரான்சில் 18 காரட் தங்கத்துக்கு 1838 முதல் கழுகுத் தலை அடிக்கிறார்கள். பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் பட்டறையின் எழுத்துகள் இருக்கும். கழுகுக்குப் பதிலாக ஆந்தை இருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்ததற்கோ பிறப்பிடம் தெரியாததற்கோ அடித்த முத்திரை அது. அதை மட்டும் வைத்துப் பாரிஸ் வேலை என்று சொல்ல முடியாது. இரண்டுமே கடுகளவுதான், உள்விளிம்பில் தேடவேண்டும். கார்டியே பெட்டிகளில் பெயரும் ஓர் எண்ணும் பெரும்பாலும் பொறித்திருக்கும். அவை இல்லாததால்தான் 'கருதப்படுவது' என்ற சொல் வருகிறது. கார்டியே பெயருக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பெயரில்லாத நல்ல பெட்டிக்கு என்ன விலையோ, அதுதான் இதற்கும்.

கெம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை 1902இலேயே வெளியிட்டுவிட்டார். 1920களில் தரமான நகைகளிலும் அந்தக் கற்கள் புகுந்தன. ஆகவே பெட்டி பழையது என்பதாலேயே கல் இயற்கையானது ஆகிவிடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடி) வளைந்த கோடுகளோ சின்னக் காற்றுக் குமிழ்களோ தெரிந்தால் செயற்கைக் கல். அதற்காகப் பெட்டியையே ஒதுக்க வேண்டியதில்லை. இயற்கைக் கல் என்று சொல்லி விலை கேட்டால்தான் தப்பு.

கறுப்பு எனாமலில் கவனம் வேண்டும். அசல் எனாமல் என்பது உலோகத்தின்மேல் உருக்கி ஒட்டவைக்கும் கண்ணாடிப் பூச்சு. அதைச் சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். கல் பதித்த பெட்டியை மறுபடி அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால், உடைந்த இடத்தில் பிசின் பூசி மெருகேற்றிவிடுவது வழக்கம். படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. நேரில் புற ஊதா டார்ச் அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் பல சமயம் தனியாக ஒளிரும். மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் பழைய சொந்தக்காரரின் பெயரெழுத்தை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

உள்ளே ஆமையோட்டுச் சீப்பு இருந்தால் எல்லை தாண்டி அனுப்புவது சிக்கல், அந்த ஓட்டுக்குரிய அழுங்காமை சர்வதேசப் பாதுகாப்பில் இருக்கிறது. சீப்பு எதில் செய்தது என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கீல், உள்விளிம்பு, கண்ணாடியின் ஓரம், அறைகளின் அடிப்பாகம்: இந்த நாலு படங்களையும் கேட்டு இன்றே எழுதுங்கள். அனுப்பினால் எனக்கும் அனுப்பி வையுங்கள், சேர்ந்து பார்ப்போம். அனுப்பத் தயங்கினால் இந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.