குவாம் யுனிவர்சிட்டி பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

பசிபிக் கடல்ல அமெரிக்காவுக்குச் சொந்தமான குவாம் தீவுல சில வருஷம் இருந்தேன், மங்கிலாவ் கேம்பஸ் பக்கத்துலயே வீடு. வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் போடுறேன்.

அவ்ளோ சின்ன தீவுக்கு யுனிவர்சிட்டி எதுக்குங்க?
ஹவாய் போகணும்னாலே 6000 கிலோமீட்டர் கடல் தாண்டணும், எல்லா வீட்டுப் பிள்ளையும் போக முடியுமா சொல்லுங்க? 1952ல டீச்சர்களை உருவாக்குற ரெண்டு வருஷ காலேஜா ஆரம்பிச்சு 1968ல யுனிவர்சிட்டி ஆச்சு. சைஸை வச்சு எடை போடாதீங்க, சுத்தி இருக்கிற தீவுகளுக்கு டீச்சரும் நர்ஸும் இங்கிருந்து போறாங்க.

குவாம் பசங்க மட்டும்தானா?
இல்லவே இல்ல. குவாமோட பூர்வகுடியான சமோரோ, பிலிப்பினோ பிள்ளைங்க நிறைய, அதோட மைக்ரோனேசியா நாட்டு மாநிலங்களான சூக், பொன்பே, யாப், கொஸ்ரே, அப்புறம் பலாவ், மார்ஷல் தீவுகள், சைப்பான்னு எல்லாப் பக்கமிருந்தும் வராங்க. வெளியில இருந்து பாத்தா எல்லாரும் ஒரே "தீவுக்காரங்க"ன்னு தோணும், ஆனா யாப் ஸ்டேட்டுக்குள்ளயே வேற வேற மொழி இருக்கு, சூக் பொண்ணும் பலாவ் பையனும் பேசிக்க இங்கிலீஷ்தான் வழி. இதைப் புரிஞ்சுக்காத வாத்தியார், கிளாஸ்ல அமைதியா இருக்கிற பிள்ளையை மக்குன்னு நினைச்சிடுவாரு, அது எனக்கு ரொம்ப வலிக்கும்.

சமோரோ மொழி சொல்லித் தராங்களா?
டிகிரியே இருக்கு. அமெரிக்க நேவி ஆட்சியில ஸ்கூல்ல பேசக்கூடாதுன்னு தடை போட்ட மொழி அது, இன்னைக்கு அதுலயே பட்டம் வாங்குறாங்க.

ரிசர்ச் எப்படி அண்ணா?
கேம்பஸை ஒட்டின பாகோ பே கரையில கடல் ஆராய்ச்சி பண்ற மரைன் லேப், 1970லயே வந்தது, படியிறங்கினா பவளப்பாறை. இன்னொண்ணு, நம்மூர் தென்னந்தோப்புல தொல்லை குடுக்குமே காண்டாமிருக வண்டு, அது 2007ல குவாம்ல தென்பட்டுச்சு. மத்த இடத்துல அதை அடக்குற வைரஸ் இருக்கே, அது குவாமுக்கு வந்த வண்டு ரகத்துக்கிட்ட எடுபடல, அதனால வேற வழி தேடி இந்த யுனிவர்சிட்டி பூச்சி ஆராய்ச்சிக்காரங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறாங்க. தென்னை செத்தா அந்தத் தீவுல சாப்பாடு, ஓலைப் பின்னல் எல்லாமே அடிவாங்கும்.

இந்தியாவுல இருந்து போய்ப் படிக்கலாமா?
தாராளமா. குவாம் அமெரிக்காவுக்குக் கீழ இருக்கிறதால நமக்கு அமெரிக்க ஸ்டூடன்ட் விசா வேணும். மைக்ரோனேசியா, பலாவ், மார்ஷல் பிள்ளைங்களுக்கு அமெரிக்காவோட ஒப்பந்தம் இருக்கு, விசா வேணாம். மரைன் பயாலஜி ஆசைன்னா கண்டிப்பா அப்ளை பண்ணுப்பா.